பயிற்சி யாருடைய நேரத்தில்?

மருத்துவமனையில் இன்சுலின் அளவு தவறினால், விளக்கம் கோரும் குறிப்பாணை முதலில் செவிலியரின் கைக்கே வருகிறது. நீரிழிவுப் பராமரிப்பில் செவிலியருக்குப் போதிய அறிவில்லை என்ற கவலையும் கூடவே எழுகிறது. அந்த அறிவு வளர வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. வளர்க்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால்தான் அதிகார பீடங்கள் மௌனமாகிவிடுகின்றன.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிப்படுத்தியது. எலும்பு முறிவுக்கோ மகப்பேற்றுக்கோ சேர்வோரிலும் இந்நோயாளிகள் உண்டு. ஆகவே இது ஒவ்வொரு வார்டின் அன்றாடப் பணி.

எளிய பணியுமன்று. நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இருவகைச் செறிவில் இன்சுலின் புழங்குகிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி ஊசிக்குழல். பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலின் கோட்டைப் பார்த்து எடுத்துவிட்டால், இரண்டரை மடங்கு மருந்து உடலுக்குள் போகும். சர்க்கரை சரிந்து நோயாளி நினைவிழப்பார், உயிரும் போகலாம். வியர்வையும் நடுக்கமும் கண்டவுடன் இரத்தத்தைச் சோதித்து, நினைவுள்ளவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறிமுறை. வார்டு முழுவதையும் இரவில் தனியொருவராகக் காக்கும் செவிலியருக்கு அந்த 15 நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்? சோதனைப் பட்டையே இருப்பில் இல்லாதபோது எந்தப் பாடம் கைகொடுக்கும்?

பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டுமென அதே மன்றம் வகுத்துள்ளது. நல்ல விதி. ஆனால் அந்த மணிகளை வார விடுப்பிலிருந்தும் சொந்தப் பணத்திலிருந்தும் ஈட்டச் சொன்னால் அது கல்வியன்று, அபராதம். மருந்து நிறுவனங்களின் தயவில் நடக்கும் அரைநாள் வகுப்புகளோ சரக்கின் பெருமையைத்தான் மிகுதியும் போதிக்கும். ஒப்பந்தச் செவிலியரின் நிலை இன்னும் மோசம்: பழகித் தேர்வதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது, அவரோடு அனுபவமும் வெளியேறுகிறது.

பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என 2017இல் அறிவித்தது ஒன்றிய அரசே. கெடு கடந்துவிட்டது, செவிலியரைக் குறை சொல்லும் குரல் மட்டும் ஓயவில்லை.

ஊதியத்துடன், பணிநேரத்திலேயே பயிற்சி. ஒப்பந்தச் செவிலியருக்குப் பணி நிரந்தரம். ஒரு வார்டில் ஒரே செறிவு இன்சுலின், அதற்குரிய ஊசிக்குழல் மட்டும். இக்கோரிக்கைகளை மருத்துவமனை வாயில்களுக்கு எடுத்துச் செல்லும் தோழர்கள் நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது இது: ஒரு செவிலியர் பயிற்சிக்குச் செல்லும் நாளில் அவருடைய வார்டில் பணிபுரிய யாரை அமர்த்துகிறீர்கள்?