கியர் விழவில்லையா? முதலில் எஞ்சினை அணையுங்கள்

தோட்டத்தை விட்டுப் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் குடியேறிய சில வீடுகளின் வாசலில் பழைய புரோட்டோன் சாகாவோ பெரோடுவா கஞ்சிலோ இன்னும் நிற்கிறது. பிள்ளைகளுக்கு ஆட்டோ கார், மேனுவல் அப்பாவுக்கு. ஒருநாள் கியர் விழ மறுக்கும். பட்டறையில் "கியர்பாக்ஸ் போச்சு" என்பார்கள். பெரிய செலவு அது. தலையாட்டும் முன் காசில்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணையுங்கள். கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போடுங்கள். எல்லாம் சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் சந்தேகம் கிளட்ச் மீதுதான். மிதித்தும் அது எஞ்சினை முழுதாக விடவில்லை. உறுதிப்படுத்த, எஞ்சின் ஓடும்போது கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்து எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரவென்று அரைத்தால் ஐயமே வேண்டாம்.

இதற்குக் காரணம் சில சமயம் சிரிப்பு வரவழைக்கும். பெடலுக்கு அடியில் தடித்த கால்மிதி சுருண்டு கிடந்தாலே போதும், கிளட்ச் அடிவரை இறங்காது. பழைய சாகாவிலும் கஞ்சிலிலும் கிளட்சை இழுப்பது ஒரு கேபிள். அது நீண்டு தளர்ந்தால் பெடலை மிதித்தும் பாதி வேலைதான் நடக்கும். முடுக்கினால் சரியாகும், இழை பிரிந்திருந்தால் மாற்ற வேண்டும். எண்ணெயில் இயங்கும் கிளட்ச் என்றால் எண்ணெய் அளவையும் கசிவையும் பாருங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற காரில் கிளட்ச் பிளேட் துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கேபிளை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டால் வேறு வம்பு. பெடலில் கொஞ்சம்கூட வெறும் அசைவு இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் லேசாக மிதிபட்டே இருக்கும், வழுக்கும். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும்போது மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் இது காட்டிக்கொடுக்கும்: எஞ்சின் உறுமும், வேகம் ஏறாது, கருகிய வாடை வரும். செம்பனைக் காட்டு மேட்டில் அரை கிளட்சில் காரை நிறுத்தி வைப்பவர்களுக்கு இந்த வாடை பழக்கம்.

எஞ்சினை அணைத்தும் கியர் இறுகியிருந்தால், முதலில் கியர் கம்பியின் இணைப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது கியர் மட்டும் அரைத்தாலோ, போட்ட கியர் தானே கழன்றாலோதான் கியர்பாக்ஸைத் திறக்கும் பேச்சு வரலாம்.

கிளட்ச் பிளேட் தேய்ந்தே விட்டதென்றால் பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். எதை மாற்றினாலும் கியர்பாக்ஸை இறக்கும் கூலி ஒன்றுதான்.