பழைய விதிகளோடு புதிய திருடனைப் பிடிப்பதா?

பாயான் லெப்பாஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை விமான நிலையமும் தொழிற்பேட்டையும்தான். 1972-ஆம் ஆண்டில், துன் டாக்டர் லிம் சோங் இயூ பினாங்கு முதலமைச்சராக இருந்தபோது, இங்குத் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை நெல்வயலாகக் கிடந்த இந்த மண்ணில்தான் எழுப்பியது. அத்தொழிற்சாலைகளில் இரவு பகலென மாறி மாறி வேலை செய்து பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிய தமிழ்த் தாய்மார்கள் எத்தனையோ பேர். இந்த மலரைப் புரட்டும் வாசகர்களில் சிலர் அப்பிள்ளைகளாகவும் இருக்கலாம். ஆகவே அந்தத் தொழிற்சாலைகளின் கணினிக் கட்டமைப்பு பாதுகாப்பாக இருக்கிறதா என்பது கணினித்துறை மாணவர்களுக்கு மட்டுமே உரிய கேள்வி அன்று. உற்பத்தி நின்றால் முதலில் குறைவது மிகைநேரச் சம்பளம்தான்.

தொழிற்சாலை இயந்திரங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் மடிக்கணினியை மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரமோ பதினைந்து இருபது ஆண்டுகள் உழைக்கும். அதனுள் இருக்கும் இயங்குதளம் அது வாங்கப்பட்ட காலத்தினது. அதற்குத் திருத்தங்கள் வருவது நின்றிருக்கும். வந்தாலும், இயந்திரத்தை விற்றவரின் ஒப்புதலின்றி நிறுவ இயலாது. நோயாளிக்கு மருந்து கொடுக்க முடியாதென்றால் அறைக்குள் நுழைபவரையாவது கவனிக்க வேண்டுமல்லவா? அந்த வேலையைத்தான் ஊடுருவல் கண்டறியும் அமைப்புகள் செய்கின்றன.

இவற்றுள் புகழ்பெற்றது ஸ்நார்ட். 1998-இல் மார்ட்டின் ரோஷ் என்பவர் எழுதியது. பின்னர் சுரிகாட்டா வந்தது. இரண்டுமே திறந்த மூல மென்பொருள்கள்; காசின்றிக் கிடைப்பவை. கட்டமைப்பின் வழியே ஓடும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் இவை விதிகளோடு ஒப்பிடுகின்றன. ஒரு விதியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: வெளியிலிருந்து எவராவது உள்ளே இருக்கும் கணினியின் 445-ஆம் போர்ட்டுக்கு வந்து, அவர் அனுப்பிய தரவில் இன்ன பைட் வரிசை இருந்தால், எச்சரிக்கை எழுப்பு. ஒவ்வொரு விதிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அத்தோடு திருத்த எண் ஒன்றும் உண்டு. விதி என்பது ஒருமுறை எழுதி முடிந்துபோவது அன்று, திரும்பத் திரும்பத் திருத்தப்படுவது என்பதை அந்த இரண்டாவது எண்ணே சொல்கிறது. அதை மட்டும் பலரும் கண்டுகொள்வதில்லை.

அமைப்பை வாங்கி நிறுவிவிட்டு விதிகளை அப்படியே விட்டுவைப்பது, அமைப்பே இல்லாமல் இருப்பதைவிட மோசமானது என்பது என் கருத்து. அமைப்பு இல்லாதவனுக்குப் பயமாவது இருக்கும். பழைய விதிகளை வைத்திருப்பவனோ, திரையில் எச்சரிக்கை ஏதும் இல்லையே என்று நிம்மதியாகத் தூங்குவான்.

2018 ஆகஸ்டு 3-ஆம் நாள் தைவானில் நடந்ததைப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய சில்லு உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியின் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. புதிய இயந்திரம் ஒன்றை வைரஸ் சோதனை செய்யாமல் கட்டமைப்பில் இணைத்ததே காரணம். பரவியது, ‘வன்னாக்ரை’யின் ஒரு வகை. இதில் வேதனை என்னவென்றால், வன்னாக்ரை உலகை ஆட்டியது 2017 மே மாதத்தில். அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது அதற்கும் இரண்டு மாதங்களுக்கு முன்பு. அதைக் கண்டறியும் விதிகளும் 2017-லேயே வந்துவிட்டன. ஓராண்டுக்கும் மேலான பழைய திருடன், கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்திருக்கிறான். அந்தக் காலாண்டின் வருமானத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு பாதிக்கப்படும் என்று நிறுவனமே அப்போது அறிவித்தது.

தைவான் தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 2020 ஜூலை 5-ஆம் நாள் எக்ஸ்-ஃபேப் நிறுவனம் தாக்கப்பட்டபோது அதன் ஆறு ஆலைகளிலும் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அவற்றுள் ஒன்று நம் நாட்டின் கூச்சிங் நகரில் உள்ளது.

விதிகள் ஏன் பழையவை ஆகின்றன? புதிய தாக்குதல்கள் வருவதால் என்பது எளிய விடை. அதைவிட நுட்பமான காரணங்களும் உண்டு. 2021 டிசம்பரில் ‘லாக்4ஷெல்’ என்னும் ஓட்டை வெளியானபோது முதல் விதிகள் மிக விரைவாகவே எழுதப்பட்டன. தாக்குபவர் அனுப்பும் குறிப்பிட்ட எழுத்துத் தொடரை அவை தேடின. சில நாள்களிலேயே தாக்குபவர்கள் அதே தொடரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, சுற்றிவளைத்து எழுதக் கற்றுக்கொண்டார்கள். பொருள் ஒன்றே, உருவம் வேறு. விதிகளை மீண்டும் மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. வெளியான அன்றே விதியை இறக்கிக்கொண்டு, அத்தோடு வேலை முடிந்தது என்று கைகழுவியவர்கள் அந்த வார இறுதியிலேயே பின்தங்கிப் போனார்கள்.

இன்னொரு பக்கம், தாக்குபவரின் இணைய முகவரியை வைத்து எழுதப்படும் விதிகள் உள்ளன. அம்முகவரி சில வாரங்களில் வேறு யாரோ ஒரு நல்ல மனிதரின் கைக்குப் போய்விடும். விதியோ அவரைத் திருடன் என்று கூவிக்கொண்டே இருக்கும். ஆகவே புதியதைச் சேர்ப்பது பாதி வேலைதான், பழையதை நீக்குவது மறுபாதி. பல்லாயிரம் விதிகளையும் ஒருசேர இயக்கினால் அமைப்பு மூச்சுத்திணறி, பொட்டலங்களைப் பார்க்காமலேயே விட்டுவிடும்.

நல்ல விதி எது என்பதை 2003 ஜனவரி 25-ஆம் நாள் பரவிய ‘ஸ்லாமர்’ புழு நன்றாக உணர்த்தியது. மொத்தமே 376 பைட் அளவுள்ள புழு அது. தொடக்கத்தில் எட்டரை விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பத்தில் ஒன்பதைப் பத்தே நிமிடங்களில் பிடித்துவிட்டது. அந்த வேகத்தில் எந்த மனிதனும் உட்கார்ந்து விதி எழுத முடியாது. ஆனால் அதன் ஓட்டை ஆறு மாதங்களுக்கு முன்பே, 2002 ஜூலையிலேயே தெரிந்திருந்தது. புழுவின் முகத்தை வைத்து எழுதும் விதி புழு வந்த பிறகுதான் பிறக்கும். ஓட்டையின் தன்மையை வைத்து எழுதும் விதி, புழு பிறக்கும் முன்பே காத்திருக்கும். விதித் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை விதிகள் என்று எண்ணுவதைவிட, அவற்றுள் எத்தனை இரண்டாம் வகை என்று பார்ப்பதே அறிவுடைமை.

பணமும் இதில் நுழைகிறது. ஸ்நார்ட்டின் அதிகாரப்பூர்வ விதிகள் சந்தா கட்டுபவருக்கு உடனே கிடைக்கும்; இலவசமாகப் பதிந்துகொண்டவருக்கு 30 நாள் கழித்தே கிடைக்கும். எழுதுபவர்களுக்கும் ஊதியம் வேண்டும், அதில் குறைகாண முடியாது. பெரிய தொழிற்சாலைகளுக்குச் சந்தா ஒரு பொருட்டே அன்று. அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளின் நிலை வேறு. திருடர்களும் பெரிய வீட்டின் முன்வாசலைவிடச் சிறிய வீட்டின் பின்வாசலையே விரும்புவார்கள். இப்பட்டறைகள் ‘எமர்ஜிங் த்ரெட்ஸ்’ இலவசத் தொகுப்பையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அந்த இடைவெளியை ஓரளவு குறைக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, வந்த விதியை வந்த நொடியிலேயே எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அதற்கான விடை 2024 ஜூலை 19-ஆம் நாள் கிடைத்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்குக் கண்டறியும் குறிப்புகள் அடங்கிய ஒரு சிறு கோப்பை அனுப்பியது. நிரல் 20 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் கோப்பு 21-ஐ நாடியது. மைக்ரோசாப்டின் கணக்குப்படி ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள் முடங்கின. தவறு தெரிந்து கோப்பை 78 நிமிடங்களில் மாற்றிவிட்டார்கள், பயனில்லை. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நாம் அன்றாடம் காணும் ஏர்ஏசியா நிறுவனத்தின் பயணப் பதிவு முறையும் அன்று பாதிக்கப்பட்டது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். அது ஊடுருவல்காரன் செய்த வேலை அன்று. காவல்காரனின் கைத்தடி நம் காலிலேயே விழுந்த கதை.

ஆகவே வேகமும் வேண்டும், சோதனையும் வேண்டும். முதலில் ஒரு தனிக் கணினியில் ஏற்றி, நேற்றைய போக்குவரத்தை அதன் வழியே ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பெரும்பாலான நாள்களில் இது ஒரு மணி நேர வேலைதான். ஆனால் நாள்தோறும் அந்த ஒரு மணி நேரத்தை யார் கொடுப்பது? இந்த ஒரு மணி நேரம் யாருடைய பணிப் பட்டியலிலும் இல்லை என்பதுதான் நோயின் வேர் என்று நினைக்கிறேன்.

எச்சரிக்கை எழுந்தால் போதுமா என்பதும் கேள்வியே. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் ஏறக்குறைய 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. அங்கே கருவி சரியாகவே வேலை செய்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழுவினர் எச்சரிக்கையைக் கண்டு மின்னியாபொலிஸ் தலைமையகத்திற்குத் தெரிவித்தார்கள் என்று 2014-இல் செய்தி வெளியானது. தலைமையகம் அசையவில்லை. நாளுக்கு ஆயிரம் பொய் எச்சரிக்கைகளைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு ஆயிரத்தோராவது உண்மை தெரியாமல் போவதில் வியப்பில்லை. பொய் எச்சரிக்கை தரும் விதிகளைக் களையெடுப்பதும் அதனால்தான் பராமரிப்பில் சேர்கிறது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கட்டமைப்பில் இருந்த கணினி ஒன்றில் ‘டிட்ராக்’ என்னும் தீநிரல் புகுந்ததை 2019 அக்டோபர் 30-ஆம் நாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கட்டமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை. வெளியான அந்த நிரலின் மாதிரிக்குள் அந்த நிலையத்தின் பெயரைச் சுட்டும் நிர்வாகக் கணக்கே எழுதப்பட்டிருந்தது. அதாவது, அவ்விடத்திற்கென்றே தைத்த சட்டை அது. இத்தகைய தாக்குதலுக்கு அமெரிக்காவில் எழுதப்பட்ட பொது விதி முன்கூட்டியே இருக்காது. அங்குள்ளவர்கள்தாம் எழுத வேண்டும். எந்தக் கணினி எந்தக் கணினியோடு பேசலாம், எது ஒருபோதும் வெளியே பேசக்கூடாது என்பது உள்ளே இருப்பவருக்கே தெரியும். சோதனை இயந்திரம் ஒன்று நள்ளிரவில் வெளிநாட்டு முகவரியைத் தேடினால் எச்சரி என்ற ஒற்றை விதி, வாங்கிய நூறு விதிகளுக்குச் சமம். இயந்திரத்தை இடம் மாற்றும்போது அந்த விதியையும் மாற்ற வேண்டும் என்பது மட்டும் மறந்துவிடக் கூடாது.

நம் நாட்டில் 2024 ஆகஸ்டு 26-ஆம் நாள் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினொரு துறைகளின் முக்கியக் கட்டமைப்புகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இடர் மதிப்பீடும், இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் தணிக்கையும் செய்ய வேண்டும். வரவேற்க வேண்டிய சட்டம். எனினும் நாள்தோறும் மாறும் விதியை ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதிகாரி எப்படி அளப்பார்? அமைப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், விதிகள் கடைசியாக எந்த நாளில் மாற்றப்பட்டன, யார் மாற்றினார், எவற்றை ஏன் நீக்கினார் என்று பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு சொல். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐபிவி6-க்கான தேசிய மையம் 2005-இல் அமைந்ததும் அங்கேதான். இத்துறையில் ஆராய்ச்சிக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. ஆயினும் உலகெங்கும் இறுதியாண்டுத் திட்டங்கள் பலவற்றில் இன்றளவும் ‘கேடிடி 99’ என்னும் தரவுத் தொகுப்பையே காண்கிறோம். அது 1998-இல் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட போக்குவரத்திலிருந்து பிறந்தது. இன்று இளங்கலையில் இருக்கும் மாணவர்களைவிட அதற்கு வயது அதிகம். அதில் 99 விழுக்காடு துல்லியம் கண்டேன் என்று எழுதுவதால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு என்ன பயன்? அதற்குப் பதிலாக, துறையின் அனுமதியோடு ஓர் ஆய்வுக்கூடக் கட்டமைப்பில் சுரிகாட்டாவை நிறுவி, ஓர் ஆண்டு முழுவதும் அதன் விதிகளைப் பராமரித்து, எத்தனை சேர்த்தோம், எத்தனை நீக்கினோம், எத்தனை பொய் எச்சரிக்கை குறைந்தது என்று எழுதினால் அதுவே நல்ல திட்டம். முடிவில் வரைபடம் அழகாக இராது. இடையில் சலிப்பும் தட்டும். நேர்முகத் தேர்வில் அந்தப் பதிவேட்டை மேசைமேல் வைக்கும் மாணவரையும் துல்லிய விழுக்காட்டைச் சொல்லும் மாணவரையும் ஒப்பிட்டால், வேலைக்கு எடுப்பவன் நானாக இருந்தால் முன்னவரைத்தான் எடுப்பேன்.

உள்ளூர்த் தாக்குதல்களைக் கவனிக்கவும் இத்தகைய மாணவர்களே வேண்டும். 2022 ஏப்ரலில் ஈசெட் நிறுவன ஆய்வாளர்கள், வீட்டுத் துப்புரவுச் சேவை போன்ற போலித் தளங்கள் வழியாக மலேசியாவின் எட்டு வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த கைப்பேசிச் செயலிகளை வெளிப்படுத்தினார்கள். அச்செயலிகள் மலேசியரின் பழக்கவழக்கத்தை அறிந்தவர்களால் செய்யப்பட்டவை. அடுத்தது தீபாவளி மலிவு விற்பனை என்ற பெயரில், தமிழிலேயே வரக்கூடும். அதற்கான விதியை வேறெங்கோ இருக்கும் யாரோ எழுதித் தருவார் என்று காத்திருப்பதா, அல்லது மாணவர் விடுதியின் கட்டமைப்பில் முதல் எச்சரிக்கை எழும் அன்றே நாமே எழுதுவதா என்பதை அடுத்த தவணைக்கான திட்டத் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முன்பாகக் கணினித்துறை மாணவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கலாம்.