விடுபட்ட ஒரு கட்டம்

வானொலி நிலையத்தில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்: வாயைத் திறப்பதற்கு முன் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார். பத்து ஆண்டுகளாக அதை மறந்ததில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தபோது மறந்துவிட்டேன்.

சைக்கிளோட்டிகளிடையே ஒரு விளையாட்டு உண்டு. வெலோவியூவர் போன்ற இணையத்தளங்கள் உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு கட்டத்துக்குள் சைக்கிளில் நுழைய வேண்டும். அந்தப் பயணம் கைப்பேசியில் பதிவாக வேண்டும். அப்போது அந்தக் கட்டம் நிறம் மாறி உங்களுடையதாகிவிடும். வரைபடத்தில் எல்லாக் கட்டமும் ஒரே அளவுதான். ஆனால் தரையில், பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் கட்டம் பெரிதாகும். லண்டனில் ஒரு பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டர் என்றால் நம் பேராக்கில் ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர். ஆக, நாம்தான் அதிகம் மிதிக்க வேண்டும்!

பிடித்த கட்டங்களைச் சேர்த்து ஒரு முழுச் சதுரம் அமைப்பதுதான் இதில் பெரிய போட்டி. ஒரே ஒரு கட்டம் விடுபட்டாலும் சதுரம் உடைந்துவிடும். என் குறி ஏழுக்கு ஏழு. மொத்தம் 49 கட்டங்கள். ஈப்போ நகருக்குள் சிரமமே இல்லை. ரயில் நிலையம், லிட்டில் இந்தியா, புந்தோங் கச்சான் கடைகள் என்று சுற்றினாலே போதும். பிறகு மெங்லெம்பு, லஹாட், பூசிங், பத்துகாஜா என்று ஒவ்வொரு ஞாயிறும் தெற்கே இறங்கினேன். 48 கையில் வந்துவிட்டது.

மிச்சமிருந்த ஒன்று, பொதுச்சாலை எதுவும் போகாத ஒரு செம்பனைத் தோட்டம். முன்பு அது கித்தாத் தோட்டம். என் பாட்டி பால்மரம் வெட்டிய இடம். அம்மா பிறந்ததும் அங்கேதான்.

தெரிந்தவர் மூலம் தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினேன். பத்துகாஜாவில் பசியாற நிறுத்தினேன். ஒரு தே தாரேக், இரண்டு ரொட்டி சானாய். சாப்பிடும்போது பதிவை நிறுத்தி வைப்பது என் வழக்கம். நிறுத்தினேன். சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தேன்.

செம்மண் பாதையில் அரை மணி நேரம் போனபின் ஒரு சிறிய மாரியம்மன் கோயில் வந்தது. பெரியவர் ஒருவர் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு தம்பி நீங்க? இங்க இருந்தவங்க வீட்டுப் பிள்ளையா?"

"ஆமாங்கய்யா. எங்க பாட்டி இங்கதான் மரம் வெட்டினாங்க."

அவ்வளவுதான், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டார். அதோ அங்கேதான் பெரட்டுக் களம், இந்தப் பக்கம் லயங்கள், பள்ளத்தில் கிணறு என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே மணியைப் பார்த்தேன். வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டுமே! ஐந்து நிமிடத்தில் கும்பிட்டு விடைபெற்றேன்.

கெல்லி மாளிகை வாசலுக்கு வந்துதான் கைப்பேசியை எடுத்தேன். பதிவு பத்துகாஜாவிலேயே நின்றிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நான் மிதித்த ஒரு மீட்டர்கூட அதில் இல்லை. அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. குற்றம் சொல்ல ஆளில்லை. பொத்தானை அழுத்த மறந்தவன் நான். இருந்தாலும் அங்கே நின்ற சைக்கிளை ஓர் உதை விட்டேன்.

ஆத்திரம் தணிய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காமலே 1926இல் இறந்துபோன மாளிகை பெயரோடு இருக்கிறது. பெரியவர் கை காட்டிய இடத்தில் வெறும் பச்சை. கோயில்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கட்டம் போனதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. "யாருப்பா அந்தப் பெரியவரு? எந்த லயத்துக்காரரு? கிணறு இன்னும் இருக்கா?" என்று அடுக்கினார். ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. நேயர்களிடம் முதலில் பெயரையும் ஊரையும் கேட்டுப் பிழைப்பவன் நான். நான் எதைத் தவறவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அனுமதி வாங்கினேன். அம்மா மாமாவின் காரில் வந்தார், நான் சைக்கிளில். பெரியவர் இருந்தார். இருவரும் ஒரே பள்ளியில், இரண்டு வகுப்பு வித்தியாசத்தில் படித்தவர்களாம்! இந்த முறை ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தி, நொடிகள் ஓடுகின்றனவா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். பாட்டி எந்த வீட்டில் இருந்தார் என்பது வரை வந்தது. கட்டமும் நிறம் மாறியது. அதை ராத்திரிதான் கவனித்தேன்.

கித்தா போய்ச் செம்பனை வந்தபோது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, நம்மவர்கள் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். தோட்டப் பெயர்கள் இன்று பெரியவர்கள் வாயில்தான் இருக்கின்றன. 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தில், கணக்குத் தொடங்கினால் நீங்களும் நானும் இடங்களைச் சேர்க்கலாம். இப்போது இருக்கும் இடத்தைத்தான் சேர்க்க வேண்டும். அதன் பழைய பெயரையும் குறிப்பிடலாம். அந்தக் கோயிலையும் கிணற்றையும் சேர்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு தோட்டத்துக் கதை இருக்கும். இந்த வாரம் அம்மாவையோ தாத்தாவையோ உட்கார வைத்துக் கேளுங்கள். முதலில் பெயரைக் கேளுங்கள். பொத்தானை அழுத்தினீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.