முற்றத்துக் கதிரையும் நுளம்பின் பாட்டும்

மீன் பாடும் தேன் நாடு என்பது மட்டக்களப்புக்கு வழிவழி வந்த பெயர். பூரணை நிலவில் கல்லடிப் பாலத்தடியில் எழும் அந்த நீர்ப்பாட்டைக் கேட்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் வாவிக்கரை வீடுகளில், மாலையில் முற்றத்திலே கதிரையிட்டு அமர்வோர் அனைவரும் தவறாது கேட்கும் பாட்டொன்று உண்டு. அது காதருகே நுளம்பு பாடும் பாட்டு.

காற்று வாங்கும் இன்பம் கெடுவதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் டெங்கு எனச் சந்தேகித்துப் பதிவானோர் 186,000 பேருக்கு மேல். உயிரிழந்தோர் 400 பேருக்கு மேல். ஆதலின் முற்றத்துக் கதிரையைப் பற்றிய பேச்சு, குடும்ப நலத்தைப் பற்றிய பேச்சே ஆகும்.

“வாவி உள்ளவரை நுளம்பும் இருக்கும், நாம் என் செய்வது?” என்பார் பலர். இது பாதி உண்மை. உவர்நீரிலே பெருகும் நுளம்பு வகைகள் உண்டு. ஆயினும் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு அகன்ற வாவியைத் தேடிச் செல்வதில்லை. சிரட்டை, தகரப்பேணி, பழைய டயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கும் சிறு நீரே அதன் தொட்டில். முட்டை ஒன்று சிறகுள்ள நுளம்பாக மாற ஒரு வாரம் அல்லது பத்து நாள் போதும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்கு அப்பால் அது பெரும்பாலும் போவதில்லை. எனவே நம் கதிரையருகே கடிக்கும் ஈடிஸ், நம் வளவிலோ அயல் வளவிலோ வளர்ந்ததே.

உப்புத் தண்ணீர்தானே என்றும் அசட்டையாய் இருத்தல் ஆகாது. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடைபெற்று 2011இல் வெளியான ஆய்வு, கரையோரத்தில் உவர்நீர் தேங்கிய பாத்திரங்களிலும் கிணறுகளிலும் ஈடிஸ் குடம்பிகள் வாழக் கண்டது.

இனி, கைக்கொள்ள வேண்டிய முறைகளைக் காண்போம். வேப்பிலையும் பொச்சுமட்டையும் இட்டு மூட்டும் புகை நுளம்பைச் சற்று விலக்கும். காற்று மாறினால் பயனில்லை. கைக்குழந்தைக்கும் இளைப்பு நோயாளிக்கும் அப்புகையே தீங்கு. சிற்றனெல்லா எண்ணெய் பூசினால் சிறிது நேரம் காக்கும். பின்னர் மீண்டும் பூச வேண்டும். துளசி முதலிய செடிகள் அருகில் நிற்பதனால் மட்டும் நுளம்பு அஞ்சி ஓடுவதில்லை.

இவற்றினும் சிறந்த துணை காற்றே. நம் மூச்சையும் உடல் வெப்பத்தையும் வியர்வை மணத்தையும் கொண்டே நுளம்பு நம்மைக் கண்டுகொள்கிறது; வேகமான காற்றில் அதனால் பறக்க இயலாது. ஆகவே கதிரையைப் புதரருகே இடாது, வாவிக் காற்று தடையின்றி வீசும் வெளியில் இடுக. காற்றில்லாத நாளில் ஒரு மின்விசிறி உதவும். ஈடிஸ் காலையிலும் மாலையிலும் கடிக்கும். இருளில் கடிக்க வேறு இனங்கள் உண்டு. அந்நேரங்களில் கைகால்களை மூடும் உடை நன்று.

நீர்ப் பாத்திரங்களைக் கவிழ்ப்பதோடு நில்லாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். அங்கு ஒட்டியிருக்கும் முட்டைகள் நீர் வற்றினும் பல மாதம் உயிரோடிருக்கும். கிணற்றில் கப்பி மீன்களை விட்டால் அவை குடம்பிகளை உண்டுவிடும்.

மாணவர்கள் ஒரு வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நலம். 1934–35இல் மலேரியா இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வென்றுவிட்டோம் என்று காவல் தளர்ந்தது. 1968இல் நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. மீண்டும் பல்லாண்டு முயன்றே 2016இல் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோம்.

நாடு கற்ற அப்பாடம் வீட்டுக்கும் பொருந்தும். ஒருநாள் துப்புரவு ஒருவாரக் காவலே. ஞாயிறுதோறும் கதிரையை முற்றத்துக்கு எடுக்குமுன் பிள்ளைகளுடன் வளவை ஒருமுறை சுற்றி வருவோம். அயல்வீட்டாரையும் அன்போடு அழைப்போம். வேலி மனிதருக்கே எல்லை, நுளம்புக்கு அன்று.