கிணற்றின் முதற்கணக்கு

மடுமாதாவைத் தரிசித்துத் திரும்புகிறவர்கள் கோயில் வளவு மண்ணில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து கொண்டுபோவது தலைமுறைகளாக வரும் வழக்கம். பாம்புக்கடிக்கு அது காவல் என்பது நம்பிக்கை. மண்ணை இவ்வளவு பக்தியோடு கையிலெடுக்கும் ஊரில், அந்த மண்ணிலும் சுற்றியுள்ள குளங்களிலும் கிணறுகளிலும் கட்மியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு, ஆசனிக் எவ்வளவு என்று ஒரு கமக்காரர் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய கிராமவாரியான பட்டியல் இல்லை. மன்னார் மாவட்டத்தில் எந்தப் புதிய அகழ்வுக்கும் திட்டத்துக்கும் அனுமதி கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பட்டியலைத் தயாரித்துவிட வேண்டும் என்பதே என் வாதம். பாதிப்பு வந்த பிறகு அளந்தால், முன்பு என்ன இருந்தது என்பதை எவராலும் நிறுவ முடியாது.

இதற்குச் சாட்சி தேடித் தூரம் போக வேண்டியதில்லை. 1990களின் நடுப்பகுதியில் மதவாச்சி, பதவியா பக்கத்துக் கமக்காரர்களிடம் ஒரு சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை, ஆனால் சிறுநீரகம் செயலிழந்துகொண்டு போனது. வவுனியாவின் சில பகுதிகளுக்கும் அது வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வு, நோயாளரின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ஆனால் அவர்கள் குடித்த தண்ணீரில் அது பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருந்தது. வேறு ஆய்வாளர்கள் புளோரைட்டையும் நீரின் கடினத்தன்மையையும் காரணமாகச் சொன்னார்கள். மூன்று தசாப்தங்கள் ஆகியும் ஒரே முடிவு இல்லை. நோய் வருவதற்கு முந்திய மண்ணும் தண்ணீரும் எப்படி இருந்தன என்ற பதிவு இருந்திருந்தால், ஒப்பிட்டுப் பார்த்துச் சில காரணங்களையாவது விலக்கியிருக்கலாம். அளவு இல்லாத இடத்தில் அரசும் தடுமாறியது. 2015இல் கிளைபோசேற் களைகொல்லியைத் தடைசெய்து பிறகு தளர்த்தியது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அதே ஆண்டிலேயே பின்வாங்கியது. இடையில் விளைச்சலை இழந்தவர் வயலில் நின்றவர்தான்.

நமக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல. அநுராதபுரத்தைக் கடந்து வரும் மல்வத்து ஓயாதான் இங்கே அருவியாறு. தேக்கம் அணையில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போவதும், அங்கிருந்து மன்னாரின் நெல்வயல்களில் பாய்வதும் அந்தத் தண்ணீர்தான். மேலே நகரக் கழிவும் வயல் வடிகாலும் அதில் கலக்கின்றன. பொசுபேற்று உரத்துக்கான பாறையிலேயே கட்மியம் உண்டு. ஒரு மூட்டையில் அது அற்பம். ஆனால் உலோகம் பூச்சிகொல்லியைப் போல வெயிலில் சிதைந்துபோவதில்லை. போகத்துக்குப் போகம் போட்டது குளத்துச் சேற்றில் படிந்து கிடக்கும். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்வரை கட்மியம் சேற்றோடு கட்டுண்டிருக்கும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்து மண்ணைக் காயவிட்டதும் அது விடுபட்டு வேர்வழியே கதிருக்கு ஏறும். உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டுகள் தங்கிவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகிப்போக, உலோகம் பானையிலேயே மிஞ்சும். யப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைத் தின்று எலும்பு நொறுங்கியவர்களின் நோயை அந்நாட்டு அரசு 1968இல்தான் தொழிற்சாலை மாசினால் வந்தது என்று ஏற்றது. அதற்குள் பல தசாப்தங்கள் கழிந்திருந்தன.

மன்னார்த் தீவில் விடயம் இன்னும் அவசரமானது. அலை பின்வாங்கிய கரையில் கறுப்புக் கோடுகளாகப் படிந்து கிடக்கும் மணலில் இல்மனைற் கனிமம் இருக்கிறது. அதற்காக ஓர் அவுஸ்திரேலிய நிறுவனம் ஆண்டுக்கணக்காகத் தீவில் ஆயிரக்கணக்கான துளைகளை இட்டுப் பார்த்தது. எந்த ஆழத்தில் எவ்வளவு கனிமம் என்ற விபரம் அதன் பங்குதாரர்களுக்குத் தெரியும். அதே நிலத்தில் கிணறு வைத்திருப்பவருக்குத் தன் தண்ணீரில் என்ன உண்டு என்று தெரியாது. எனக்கு இதுவே பெரிய அநீதியாகப் படுகிறது. இல்மனைற் நீரில் எளிதில் கரையாது, அது நஞ்சு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தீவின் நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படை. மணலைத் தோண்டிக் கிளறினால் உப்பு மேலேறும். உப்பிலுள்ள குளோரைட்டு கட்மியத்தை மண்ணிலிருந்து பிரித்து நீரில் கலக்கவைக்கும். மணலை மட்டும் சோதித்துவிட்டுப் பாதகமில்லை என்று எழுதும் அறிக்கையில் இந்தக் கதை வராது.

இப்படிப் பேசினால் மன்னார் நெல்லை எவரும் வாங்கமாட்டார்கள், வீண் பீதி கிளம்பும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வதந்தியை மறுக்கக் கமக்காரரிடம் இன்று என்ன இருக்கிறது? எல்லைக்குள் இருக்கும் ஓர் எண்ணே அவருடைய நெல்லுக்கு நற்சான்றிதழ். உலோகம் மண்ணில் இயற்கையாகவே உண்டு என்பது இன்னொரு வாதம். உண்மை, அதனால்தான் இயற்கையின் பங்கை முதலில் அளந்து வைக்கச் சொல்கிறேன். நாளைக்கு ஒரு நிறுவனம் ‘இது முன்பே இருந்தது’ என்று நீதிமன்றத்தில் சொன்னால் வேறெப்படி மறுப்பது? சுன்னாகத்துக் கிணறுகளில் கலந்தது எண்ணெய், உலோகமல்ல. ஆனாலும் அங்கே அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் 2019இல்தான் இரண்டு கோடி ரூபாய் நட்டஈட்டுக்குத் தீர்ப்பானது. ஊருக்கு ஊர் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். குடிக்கும் தண்ணீருக்கு அது சரி. சோற்றில் வருவதை எந்த இயந்திரம் வடிகட்டும்?

செலவு தாங்கமுடியாததல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதற்கான கருவி இருக்கிறது. நீர்வழங்கல் சபையும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் ஊர்தோறும் ஆட்களை வைத்திருக்கின்றன. பெரும்போகத்துக்கு முன் ஒருமுறை, அறுவடைக்குப் பின் ஒருமுறை மாதிரி எடுத்து, கிராம சேவையாளர் பிரிவு வாரியாக எண்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்ட வேண்டும். முதல் போத்தலைத் தேக்கத்தில் நிரப்பலாம், அடுத்ததைக் கட்டுக்கரைக் குளத்தில். மூன்றாவதை மடுக் கோயில் வளவுக் கிணற்றிலிருந்து எடுக்கட்டும், பக்கத்திலேயே ஒரு பிடி மண்ணையும்.