கரையில் நின்றவர்மீது கல்லெறியும் முன்

விடுப்பில் இருக்கும் ஸ்கூபா பயிற்றுநர் ஒருவர் கடற்கரையில் அமர்ந்திருக்கிறார். அலைகளுக்கு அப்பால் ஒருவர் மூழ்குகிறார். பயிற்றுநர் நீரில் இறங்கவில்லை, மூழ்கியவர் இறந்துபோகிறார். இதில் குற்றவாளி யார்? அறவியல் வகுப்புகளிலும் சட்டக் கருத்தரங்குகளிலும் சலிக்காமல் எழுப்பப்படும் இவ்வினாவுக்கு நம் கல்விப்புலம் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கிறது: திறனே கடமையைத் தோற்றுவிக்கிறது, பணிநேரம் முடிந்துவிட்டது என்பது அதிலிருந்து விடுபடும் வழியாகாது. கேட்பதற்கு உயர்ந்த அறமாகத் தோன்றும் இவ்விடை பாதி உண்மை. மறுபாதியை மறைப்பதால் அது யாருக்குப் பயன்படுகிறது என்பதை நந்திதுர்க் போன்ற சுரங்க ஊரில் வளர்ந்தவர்கள் எளிதில் உணர்வர்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் முன்வைத்த தண்டனைச் சட்ட வரைவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆற்றில் வெள்ளம் பெருகியிருப்பதை அறிந்த ஒருவன், கடக்க வந்த பயணியிடம் அதைச் சொல்லாமல் அவன் சாகட்டும் என்று வாளாவிருக்கிறான். எச்சரிப்பதற்கென்றே நிறுத்தப்பட்ட ஊழியன் அவன் என்றால் அது கொலை. கூலி பேசி அழைத்துவந்த வழிகாட்டி என்றாலும் கொலைதான். மனிதன் என்பதைத் தவிர வேறு எந்த உறவும் இல்லாதவன் என்றால் குற்றமே இல்லை. அச்செயல் இழிவானது என்பதை வரைவாளர்கள் மறுக்கவில்லை. ஆனால், அதைத் தண்டிக்கத் தொடங்கினால், ஓர் அறுவை மருத்துவரைக் கல்கத்தாவிலிருந்து மீரட்டுக்குப் போகவில்லை என்பதற்காகவும் தண்டிக்க நேருமே, எல்லையை எங்கே வகுப்பது என்று தயங்கினர். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இத்தயக்கத்தைக் கடக்கவில்லை. சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதே இன்றும் குற்றம். அறப்படி செய்யவேண்டியதை விடுவது குற்றமன்று.

ஆகவே, விடுப்பிலிருக்கும் பயிற்றுநர் இறங்காவிட்டால் இந்தியச் சட்டம் அவரைப் பொதுவாகத் தீண்டாது. இறங்கினால்தான் சிக்கல் தொடங்குகிறது. அவர் மேலே கொண்டுவந்தவர் இறந்துவிட்டால், கவனக்குறைவால் மரணம் விளைவித்தார் என்று 106ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடர வாய்ப்புண்டு. ஐந்தாண்டு வரை சிறை. அப்போது அவருடைய சான்றிதழே அவருக்கு எதிரான சாட்சியாகும். பயிற்சி பெற்றவரிடம் சாதாரண மனிதரைவிடக் கூடுதல் கவனத்தை நீதிமன்றம் எதிர்பார்க்கும். நல்லெண்ணத்தில் செய்த செயலுக்கு 30ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு வழக்கில் எதிர்வாதமாகப் பயன்படுமே அன்றி, வழக்கே வராமல் தடுக்காது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு உதவியவரை உரிமையியல் பொறுப்பிலிருந்தும் குற்றவியல் பொறுப்பிலிருந்தும் விடுவிக்கிறது. ஆனால் நாடு முழுமைக்குமான அப்பாதுகாப்பு மோட்டார் வாகன விபத்தோடு நின்றுவிடுகிறது. கடற்கரைச் சாலையில் அடிபட்டவரைத் தூக்குபவருக்கு உள்ள காப்பு, நூறடி தள்ளி அலையில் தத்தளிப்பவரைத் தூக்குபவருக்கு இல்லை. இவ்வேறுபாட்டுக்கு எந்த அறக்கோட்பாடு நியாயம் கூறும்?

‘பணியில் இல்லை’ என்ற தொடரை நாம் பொருள்கொள்ளும் முறையும் பிழையானது. அது மனச்சான்றுக்கு அளிக்கப்பட்ட விடுமுறை என்று கருதுகிறோம். முக்குளிப்பவருக்கோ அது வெறும் நிலைமை விவரம். காற்று உருளையும் சுவாசக் கருவியும் உடன் இல்லை. படகில் துணைவர் இல்லை. காலையில் ஆழத்துக்குச் சென்று வந்திருந்தால் உடலில் நைட்ரஜன் இன்னும் மிச்சமிருக்கும். மாலையில் மது அருந்தியிருக்கவும் கூடும். கருவி இல்லாத முக்குளிப்பாளர் ஒரு நீச்சல்காரர், அவ்வளவே. மீட்புப் பயிற்சியின் முதற்பாடமே, மீட்பவர் இரண்டாவது பிணமாகக் கூடாது என்பதுதான். கையோ கழியோ நீட்டு, மிதப்பதை எறி, உதவிக்கு ஆளழை. நீரில் இறங்குவது கடைசி வழி. கரையில் நின்று கயிறு தேடும் பயிற்றுநர் நமக்குக் கோழையாகத் தெரிகிறார். அவர் தம் பயிற்சிக்கு உண்மையாக நடந்துகொண்டிருக்கலாம்.

மருத்துவரை எதிர்வாதமாகக் கொண்டுவருவோர் உண்டு. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், காயமுற்று வந்தவரைக் காப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் அனைவருக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மருத்துவருக்கு உள்ளது முக்குளிப்பவருக்கு ஏன் இல்லை என்பது கேள்வி. நோயாளியின் காயம் மருத்துவரை மூழ்கடிப்பதில்லை என்பது முதல் விடை. மருத்துவரைக் காவல்துறையும் நீதிமன்றமும் வீணாக அலைக்கழிக்கக் கூடாது என்று அதே தீர்ப்பு வலியுறுத்தியது என்பது இரண்டாம் விடை. கடமையை விதித்தவர்கள் அங்கே காப்பையும் சேர்த்துப் பேசினார்கள்.

காப்பும் கடமையும் இணைந்தால் என்ன நிகழும் என்பதை 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் உலகம் கண்டது. நீர் சூழ்ந்த குகையில் சிக்கிய பன்னிரு சிறுவரையும் பயிற்சியாளரையும் மீட்க, ஆஸ்திரேலிய மயக்க மருத்துவரும் குகை முக்குளிப்பாளருமான ரிச்சர்ட் ஹாரிஸ் அழைக்கப்பட்டார். சிறுவர்களை மயக்கத்தில் ஆழ்த்தி நீருக்கடியில் கொண்டுவருவதே வழி; அவர்கள் இறந்தால் அவர்மீது பழி விழும். எனவே ஆஸ்திரேலிய அரசு தாய்லாந்து அரசிடம் பேசி அவருக்குச் சட்ட விலக்குப் பெற்றுத் தந்தது. பதின்மூவரும் உயிரோடு வந்தனர். அதே மீட்பில், படையிலிருந்து முன்பே விலகி விமான நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சமன் குனான் தாமாக வந்து காற்று உருளைகளைச் சுமந்து சென்றார். ஜூலை 6 அன்று நீருக்குள் மாண்டார். ‘பணியில் இல்லாதவர்’ என்ற சொல் அவரைத் தடுக்கவில்லை, காக்கவும் இல்லை.

இனி என் ஊருக்கு வருகிறேன். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற கோலார் தங்கவயலில் பாறைகள் அழுத்தம் தாளாமல் வெடித்துச் சரிவது தொடர் அச்சமாக இருந்தது. ஷிப்ட் முடித்துக் கூண்டில் மேலேறிய தொழிலாளர்கள் விபத்துச் செய்தி கேட்டு மீண்டும் இறங்கியதைக் கதையாகக் கேட்டு வளராதவர் நந்திதுர்க் லைன் வீடுகளில் அரிது. அவர்களுக்கு எந்த அறவியல் பேராசிரியரும் கடமையைக் கற்பிக்கவில்லை. ஆனால் அவர்கள் இறங்கியபோது மேலே கூண்டை இயக்க ஆள் இருந்தார். காற்றைச் சோதிக்கக் கருவி இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரேற்றும் பொறிகள் நின்றன. ஆழ்தளங்களில் நீர் நிறைந்தது. திறன் மட்டும் ஓய்வுபெற்ற உடல்களில் எஞ்சியது, பலருக்கு சிலிக்கோசிஸ் நோயுடன். 2020 மே மாதம் மாரிக்குப்பத்தில் மூடப்பட்ட சுரங்கத்துள் இறங்கியவர்களில் மூவர் மாண்டனர். அந்த வழிகளை அறிந்த பழைய தொழிலாளி ஒருவர் அருகிலேயே இருந்திருக்கலாம். அவர் இறங்கியிருக்க வேண்டுமா? திறனே கடமை என்ற கோட்பாடு ‘ஆம்’ என்கிறது. குழிவாயை உறுதியாக அடைத்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை.

இது நம் நாட்டு வழக்கம். 2023 நவம்பரில் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர் சிக்கியபோது இயந்திரம் முறிந்தது. கடைசி மீட்டர்களைக் கையால் குடைந்து வழி திறந்தவர்கள் ‘எலிவளை’ச் சுரங்கத் தொழிலாளர்கள். அம்முறையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இலேயே தடை செய்திருந்தது. நாடு அவர்களைக் கொண்டாடி மூன்று மாதம் ஆவதற்குள் அவர்களுள் ஒருவரின் தில்லி வீடு ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டது.

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. ‘கடமை’ என்பது ‘கடன்’ என்பதன் உறவுச் சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘கடமை’ நிலத்துக்குரிய வரியைக் குறிக்கிறது; அதாவது, யாரோ யாருக்கோ செலுத்த வேண்டியது. செலுத்துபவரை மட்டும் பேசிப் பெறுபவரை மறைக்க இச்சொல் இடம் தருவதில்லை. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் கடன்களைப் பகுக்கும் வரிசையைக் காணுங்கள். தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒன்று, வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று. இவ்வளவும் முடிந்த பின்னரே போருக்குச் செல்லும் இளைஞனின் கடன் வருகிறது. அவன் கடனிலும் களிறு எறிவதோடு திரும்பி வருதலும் அடங்கும். நாமோ கொல்லனையும் வேந்தனையும் வரிசையிலிருந்து நீக்கிவிட்டு இளைஞனை மட்டும் களத்துக்கு அனுப்புகிறோம். திரும்பாவிட்டால் தியாகி, போகாவிட்டால் துரோகி.

அப்படியானால் எவரும் கைகட்டி வேடிக்கை பார்க்கலாமா என்று கேட்பீர்கள். இல்லை. பிரான்சின் தண்டனைச் சட்டம், தனக்கோ பிறருக்கோ ஆபத்தின்றி உதவக்கூடியவர் உதவாதிருந்தால் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. ஜெர்மனியின் சட்டம் ஓராண்டு வரை விதிக்கிறது. கணிசமான ஆபத்தின்றிச் செய்யக்கூடியதையே அதுவும் கேட்கிறது. மெக்காலே தேடிய எல்லை இதுவே. குரல் கொடுக்கவும், ஆளழைக்கவும், கயிறு எறியவும், தெரிந்த வழியைச் சொல்லவும் கடமைப்பட்டவர் அனைவரும். திறன் பெற்றவர் அவற்றைப் பிறரைவிட நன்றாகச் செய்யக் கடமைப்பட்டவர். இக்கடமையைச் சட்டமாக்குங்கள், நான் எதிர்க்கமாட்டேன். அதற்கு மேல் உயிரைப் பணயம் வைப்பது அவருடைய கொடை. அதைக் கடனாக வசூலிக்க நமக்கு உரிமை இல்லை.

அக்கொடையை அளிப்பவருக்குச் சமூகம் செலுத்த வேண்டிய கடன் மூன்று. 134ஏ பிரிவின் காப்பு சாலையைத் தாண்டி நீருக்கும் நிலத்தடிக்கும் நீள வேண்டும். மீட்பில் இறங்கிக் காயமுற்றவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும், அவர் பணியில் இருந்தாரா என்று கேளாமல் இழப்பீடு கிடைக்க வேண்டும். மூடிய சுரங்கத்துக்கும் சுற்றுலாக் கடற்கரைக்கும் உடைமையாளர் எவரோ, அவரே தடுப்புக்கும் மீட்புக் கருவிகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

முத்துக்குளித்துறையில் மூழ்குபவரின் கயிற்றைப் படகில் ஒருவர் பிடித்திருப்பார். அடுத்த கருத்தரங்கில் இறங்காத பயிற்றுநரைப் பற்றிப் பேசும்போது, அவர் இறங்கியிருந்தால் கயிற்றின் மறுமுனையை யார் பிடித்திருப்பார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லும் வரை அவரைத் தீர்ப்பிடாதிருங்கள்.