மூன்று பேரின் நிழலா கிரேக் பெல்லமி?

ரக்பி லீக் ரசிகர்களிடம் கிரேக் பெல்லமி என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த மூச்சில் கேமரன் ஸ்மித், கூப்பர் க்ரோங்க், பில்லி ஸ்லேட்டர் என்று மூன்று பெயர்கள் வரும். கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: "அந்த மூவரும் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பயிற்சியாளராக ஜெயித்திருப்பார்கள்." ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். போட்டியில் மெல்போர்ன் ஸ்டார்ம் அணிக்கு 2003 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருப்பவரைப் பற்றி இப்படிச் சொல்லிச் சொல்லி, அது ஏறக்குறைய ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. இந்தத் தீர்ப்புக்குத் துணையாக வைக்கப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன், இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை மடக்கி வீழ்த்திவிட்டால் பந்து கைமாறும். ஒவ்வொரு மடக்கலுக்குப் பிறகும் தரையிலிருந்து பந்தை எடுத்து வீசுபவர் ஹூக்கர். எப்போது ஓடுவது, எப்போது உதைப்பது என்று ஆட்டத்தை நடத்துபவர் ஹாஃப்பேக். கடைசிக் காவலாக நின்று, தாக்குதலின்போது எதிர்பாராத இடத்தில் வந்து சேர்பவர் ஃபுல்பேக். ஸ்மித், க்ரோங்க், ஸ்லேட்டர் மூவரும் இதே வரிசையில் இந்த மூன்று இடங்களில் ஆடினார்கள். ஆட்டத்தின் முதுகெலும்பே அவர்கள் கையில்தான் இருந்தது. ஆகவே எதிர்த்தரப்பு வெறும் வாய்ப்பேச்சு பேசவில்லை. அதற்கு அடிப்படை உண்டு.

"மூன்று மேதைகள் தயாராகக் கிடைத்தார்கள்"

தயாராகக் கிடைத்தார்கள் என்பதுதான் இங்கே பிழை. பெல்லமி வருவதற்கு முந்தைய 2002-இல் ஸ்டார்ம், லீக் சுற்றில் முன்னணியில் வரும் அணிகள் பட்டத்துக்காக மோதும் இறுதிச் சுற்றைக்கூட எட்டவில்லை. ஸ்மித் அந்த ஆண்டு ஆடியது இரண்டே ஆட்டங்கள், அதுவும் ஹாஃப்பேக்காக. பின்னாளில் உலகமே அவரை அடையாளம் கண்ட ஹூக்கர் இடத்தில் அவர் நிலைபெற்றது பெல்லமியின் காலத்தில். ஸ்லேட்டர் முதல்நிலை ஆட்டத்தில் இறங்கியதே 2003 பருவத்தின் முதல் சுற்றில்தான். ஆரம்பத்தில் அவரை விங், சென்டர் என்று பல இடங்களில் நிறுத்தினார்கள்.

க்ரோங்கின் கதை இன்னும் தெளிவானது. 2004-இல் அறிமுகமானபோது அவர் எந்த இடத்திலும் ஓட்டை அடைக்கும் ஆளாகவே இருந்தார். 2005 முடிவில் ஹாஃப்பேக் மேட் ஆர்ஃபோர்ட் மேன்லி கிளப்புக்குப் போனார். அனுபவமுள்ள வேறொருவரை விலைக்கு வாங்குவதுதான் அப்போது எளிய வழி. பெல்லமி க்ரோங்கையே அந்த இடத்துக்கு உருவாக்கினார். ஆட்டத்தை நடத்துவது, உதைப்பது, பந்தைப் பிரித்துக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் க்ரோங்க் புதிதாகக் கற்றார். பின்னர் 2013, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கம் வென்றார்.

மூவரும் பிரிஸ்பேனில் நார்த்ஸ் டெவில்ஸ் என்ற துணை அணி வழியாக வந்தவர்கள். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைக் கொண்டாடும் மெல்போர்ன் நகரத்தில் ரக்பி லீக் ஆடி வளரும் பிள்ளைகள் மிகக் குறைவு. வெளியிலிருந்து ஆளைக் கண்டெடுத்து வளர்ப்பதைத் தவிர அந்தக் கிளப்புக்கு வேறு வழியே இருக்கவில்லை. மூவருக்கும் பிறவித் திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் திறமை உள்ள இளைஞர்கள் எல்லாக் கிளப்பிலும் இருக்கிறார்கள். ஒரே அணியில், ஒரே காலத்தில், மூன்று முக்கிய இடங்களிலும் மூவர் உச்சத்துக்குப் போனதை அதிர்ஷ்டம் என்ற ஒரு சொல்லில் அடைக்க முடியாது.

"பட்டங்கள் சம்பள வரம்பை மீறி வாங்கியவை"

இதில் பாதி உண்மை. 2010 ஏப்ரலில் ஸ்டார்ம் கிளப் இரட்டைக் கணக்கு எழுதி வீரர்களுக்கு வரம்பை மீறிச் சம்பளம் கொடுத்தது அம்பலமானது. 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டன. 2006, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளின் லீக் சுற்று முதலிடங்களும் பறிக்கப்பட்டன. 2010 பருவத்தில் அதுவரை ஈட்டிய புள்ளிகள் அழிக்கப்பட்டன. இனி வென்றாலும் புள்ளி கிடையாது என்றார்கள். ஏமாற்றுக் கணக்குக்குக் கிளப்பின் நிர்வாகிகளே பொறுப்பாக்கப்பட்டார்கள். ஆனாலும் அந்தப் பட்டங்களைப் பெல்லமியின் கணக்கில் வைத்து வாதாட நான் தயாராக இல்லை. அவை போனவை போனவைதான்.

பிறகு நடந்ததைத்தான் எதிர்த்தரப்பு சொல்லாமல் விடுகிறது. வரம்புக்குள் வருவதற்காகக் கிளப் கிரெக் இங்லிஸ் போன்ற பெரிய ஆட்டக்காரர்களை விட்டுக்கொடுத்தது. மற்ற கிளப்புகளில் நிலையான இடம் கிடைக்காமல் இருந்த பிரையன் நோரி போன்றவர்கள் அந்த இடங்களை நிரப்பினார்கள். 2011-இல் அதே அணி லீக் சுற்றில் முதலிடம். 2012-இல் புல்டாக்ஸை 14–4 என்று வென்று பட்டம். முறைகேடுதான் வெற்றிக்குக் காரணம் என்றால், முறைகேடு நின்ற இரண்டே ஆண்டில் கிடைத்த இந்தக் கோப்பைக்கு என்ன காரணம்?

"அப்போதும் மூவரும் இருந்தார்களே" என்பீர்கள். சரி, அடுத்த வாதத்துக்குப் போவோம்.

"மூவரும் போனால் சரிந்துவிடுவார்"

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. காலமே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டது, ஒவ்வொருவராகக் கழற்றி.

2016-இல் தோள்பட்டைக் காயத்தால் ஸ்லேட்டர் ஏறக்குறையப் பருவம் முழுவதும் ஆடவில்லை. ஸ்டார்ம் லீக் சுற்றில் முதலிடம் பெற்றது. இறுதிப்போட்டியில் க்ரோனுல்லாவிடம் 14–12 என்று தோற்றது. 2017-இல் ஸ்லேட்டர் திரும்பிவந்தார். வட குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸை 34–6 என்று நொறுக்கிப் பட்டம் வென்றார்கள். அத்துடன் க்ரோங்க் சிட்னி ரூஸ்டர்ஸுக்குப் போனார். 2018 முடிவில் ஸ்லேட்டர் ஓய்வு பெற்றார். 2019-இல் ஸ்மித் மட்டுமே மிச்சம். அப்போதும் லீக் சுற்றில் முதலிடம். 2020-இல் கோவிட் காரணமாக விக்டோரியா மாநிலத்தை விட்டே வெளியேறி, குயின்ஸ்லாந்தின் சன்ஷைன் கோஸ்ட்டில் முகாமிட்டுப் பருவத்தை ஓட்டிய அணி, பென்ரித்தை 26–20 என்று வென்று பட்டத்தை எடுத்தது. அதன்பின் ஸ்மித்தும் விலகினார்.

2021: மூவரில் ஒருவரும் இல்லை. ஸ்டார்ம் தொடர்ந்து 19 ஆட்டங்களை வென்றது. ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணி 1975-இல் வைத்த சாதனைக்கு அது சமம். அந்த ஆண்டும், பிறகு 2024-இலும் லீக் சுற்றில் முதலிடம். 2024, 2025 இரண்டிலும் இறுதிப்போட்டி. புள்ளியே இல்லாமல் ஆடிய 2010 ஒன்றைத் தவிர, 2003 முதல் 2025 வரை பெல்லமியின் அணி இறுதிச் சுற்றுக்குப் போகாத ஆண்டே கிடையாது.

எதிர்த்தரப்பிடம் இங்கே ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 2025 வரை ஸ்மித் இல்லாமல் பெல்லமி ஒரு பட்டமும் வெல்லவில்லை. 2018 இறுதிப்போட்டியில் ரூஸ்டர்ஸ் ஸ்டார்மை 21–6 என்று வென்றபோது, தோள் எலும்பு முறிந்த நிலையில் களத்தில் நின்று அணியை வழிநடத்தியவர் க்ரோங்க். இவை ஸ்மித்தும் க்ரோங்கும் எவ்வளவு பெரியவர்கள் என்பதைக் காட்டுகின்றன. பெல்லமி சிறியவர் என்பதை எப்படிக் காட்டும்? ஸ்மித்துக்குப் பிறகு 2021, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஸ்டார்மை வெளியேற்றியது பென்ரித். 2021 முதல் 2024 வரை வரிசையாக நான்கு பட்டங்கள் வென்ற அணி அது. 2025-இல் பிரிஸ்பேனிடம் தோற்றது 26–22 என்று. கடைசிப் படியில் வழுக்குவதும் சரிந்துவிடுவதும் ஒன்றல்ல. சரிவு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் பிரிஸ்பேனையே பாருங்கள்: அதுவரை ஆறு பட்டங்கள் வென்றிருந்த அந்தப் பெருங்கிளப் 2020-இல் பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது.

"ஆரிஜினில் மண்ணைக் கவ்வினாரே"

ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்பது நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் மூன்று ஆட்டத் தொடர். 2008 முதல் 2010 வரை நியூ சவுத் வேல்ஸுக்குப் பெல்லமி பயிற்சியாளர். மூன்று தொடர்களும் தோல்வி. "ஸ்மித்தும் ஸ்லேட்டரும் எதிரணியில் நின்றதும் குட்டு வெளிப்பட்டது" என்று சிரிப்பார்கள்.

சிரிப்பதற்கு முன் ஒரு கணக்கு பார்க்கலாம். 2006 முதல் 2013 வரை குயின்ஸ்லாந்து தொடர்ந்து எட்டுத் தொடர்களை வென்றது. அந்த எட்டு ஆண்டுகளில் நியூ சவுத் வேல்ஸுக்கு நான்கு பயிற்சியாளர்கள், நால்வரும் தோற்றார்கள். எதிரே லாக்கியர், தர்ஸ்டன், ஸ்மித், ஸ்லேட்டர், இங்லிஸ் என்று ஒரு தலைமுறையே திரண்டு நின்றது.

இந்தத் தோல்வி வேறொன்றையும் சொல்கிறது. மாநில அணிப் பயிற்சியாளருக்குக் கிடைப்பது சில வாரங்கள். தயாராக வந்தவர்களை ஒன்று சேர்ப்பதே அவர் வேலை. பெல்லமியின் கைத்திறன் அங்கே இல்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆளைச் செதுக்குவதில் இருக்கிறது. "தயாரான நட்சத்திரங்களைக் கொடுத்தால் போதும், அவர் ஜெயிப்பார்" என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். அந்த வாதத்தையே ஆரிஜின் உடைக்கிறது.

"மல்யுத்தம் செய்து ஜெயித்தார்கள்"

மடக்கிய வீரரை எழவிடாமல் பிடித்துவைத்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் உத்தியில் ஸ்டார்ம் முன்னோடி. தற்காப்புக் கலை தெரிந்தவரைப் பயிற்சிக்கு அமர்த்தியே கற்றார்கள். அந்தப் பிடிகள் சில ஆபத்தானவை. ஆட்டத்தின் அழகையும் கெடுத்தன. அந்தக் கண்டனம் நியாயமானது.

ஆனால் பிடித்துவைப்பதுதான் வெற்றியின் ரகசியம் என்றால், அதைத் தடுத்ததும் வெற்றி நின்றிருக்க வேண்டும். 2020-இல் விதி மாறியது. மடக்கிய இடத்தில் தாமதம் செய்தால் ஆட்டத்தை நிறுத்தாமலே எதிரணிக்கு மறுபடி ஆறு வாய்ப்பு. ஆட்டத்தின் வேகம் கூடியது. அந்த ஆண்டு பட்டம் வென்றது ஸ்டார்ம். அடுத்த ஆண்டு 19 தொடர் வெற்றிகள் குவித்ததும் அதே ஸ்டார்ம்.

"அவரே பெரிய ஆட்டக்காரர் இல்லையே"

எல்லா வாதங்களுக்கும் அடியில் கிடப்பது இதுதான். பெரிய வீரரின் பெயர் இல்லாதவர் பெரிய வீரர்களை உருவாக்கியிருக்க முடியாது என்ற நினைப்பு.

நியூ சவுத் வேல்ஸின் போர்ட்லண்ட், சிமென்ட் ஆலையால் வளர்ந்த சிற்றூர். அங்கிருந்து வந்த பெல்லமி, கேன்பெரா ரெய்டர்ஸ் கிளப் போட்டிக்குள் நுழைந்த 1982-இலேயே அதில் சேர்ந்து 1992 வரை ஆடினார். மால் மெனிங்கா, ரிக்கி ஸ்டூவர்ட், லாரி டேலி, பிராட்லி கிளைட் என்று பெரும் பெயர்கள் நிறைந்த அணியாக அது மாறியது. அவர்கள் நடுவே பெல்லமி சொன்ன இடத்தில் நின்று, சொன்ன வேலையைச் செய்த உழைப்பாளி. வேகமும் வித்தையும் மற்றவர்களிடம் இருந்தன. அணியில் இடம் பிடிக்க அவரிடம் இருந்த ஒரே முதல் உழைப்பு.

அந்த ஆட்ட வாழ்க்கையே அவருடைய பயிற்சி முறைக்குப் பாடநூல் ஆனது. ஓய்வுக்குப் பின் கேன்பெராவிலேயே பயிற்சிப் பணி. பிறகு பிரிஸ்பேனில் தலைமைப் பயிற்சியாளர் வெய்ன் பென்னட்டுக்கு உதவியாளர். 2002-இல் பென்னட்டும் நட்சத்திர வீரர்களும் ஆரிஜின் பணிக்குப் போயிருந்தபோது, இளைஞர்களை வைத்து வெஸ்ட்ஸ் டைகர்ஸை வெல்ல வைத்தவர் பெல்லமி. அன்று ஸ்மித்தும் ஸ்லேட்டரும் க்ரோங்கும் அவர் அணியில் இல்லை.

மெல்போர்னுக்குப் புதிதாக வரும் வீரர்களைப் பருவத்துக்கு முன் சில நாள் கட்டட வேலை போன்ற கூலி வேலைக்கு அனுப்பும் வழக்கம் ஊரறிந்தது. பந்து விளையாடிச் சம்பாதிப்பதன் அருமை தெரியட்டும் என்பதே நோக்கம். அப்படி வந்தவர்களில் ஜரோம் ஹியூஸ் ஒருவர். முன்பு இரண்டு கிளப்புகளில் அவருக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். ஃபுல்பேக்காக இருந்தவரைப் பெல்லமி ஹாஃப்பேக் ஆக்கினார். 2024-இல் டாலி எம் பதக்கம் அவருக்கு. வெஸ்ட்ஸ் டைகர்ஸின் இளையோர் அணியில் இருந்து வந்த ரயன் பாப்பன்ஹைசன் 2020 இறுதிப்போட்டியின் சிறந்த வீரர். க்ரோங்குக்கு நடந்ததேதான் இவர்களுக்கும் நடந்திருக்கிறது. ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். இருபது ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப நடந்தால் அதற்குப் பெயர் முறை.

பெல்லமி இல்லாமல் அந்த மூவரும் பெரிய வீரர்களாக வந்திருக்கக்கூடும். மூவரும் இல்லாமல் பெல்லமியின் கோப்பைகள் நிச்சயம் குறைந்திருக்கும். இரண்டும் உண்மைதான். ஆனால் நட்சத்திரங்கள் உயர்த்துவது அணியின் உச்சத்தை. நல்ல பயிற்சியாளர் உயர்த்துவது அணியின் அடிமட்டத்தை. ஸ்டார்மின் உச்சம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கியிருக்கிறது. அடிமட்டம் இறங்கவே இல்லை.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் 2025 இறுதிப்போட்டியின் மறுபக்கத்தைப் பார்க்கட்டும். பெல்லமியைத் தோற்கடித்த பிரிஸ்பேனின் பயிற்சியாளர் மைக்கேல் மகுவயர். இங்கிலாந்தில் விகனுக்கு 2010-இலும், 43 ஆண்டுகள் காத்திருந்த சவுத் சிட்னிக்கு 2014-இலும் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அதற்கு முன் அவர் தொழில் கற்றது மெல்போர்னில், பெல்லமியின் உதவியாளராக.